சத்தம் குறைந்த, சூடு தங்காத கேபினெட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: புதிதாக ஒரு கேமிங் பிசி கட்டப் போகிறேன். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4080, பிராசஸர் ரைசன் 7 7800எக்ஸ்3டி. இரவில் ஸ்பீக்கரில் மெதுவாக ஒலி வைத்து விளையாடுவேன். ஃபேன் இரைச்சல் அதை அமுக்கிவிடக் கூடாது. உள்ளே நுரை ஒட்டி, முன்பக்கம் மூடி வரும் ‘சைலண்ட்’ கேபினெட் வாங்குவதா, முன்பக்கம் முழுக்க வலையாக இருப்பதை வாங்குவதா? வலை என்றால் சத்தமெல்லாம் வெளியே வந்துவிடாதா?

வலையாக இருப்பதையே வாங்குங்கள். சத்தம் வெளியே வரும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் வெளியே வருவதற்கு முதலில் உள்ளே சத்தம் உண்டாக வேண்டும். கேமிங் பிசியில் சத்தம் போடுவது ஃபேன். அதை வேகமாகச் சுற்ற வைப்பது சூடு. சூடு தங்குவது, வெளிக்காற்று தடையில்லாமல் உள்ளே வர முடியாததால். அந்தத் தடையை எடுத்துவிட்டால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். மெதுவாகச் சுற்றும் ஃபேனின் சத்தத்தை அடைத்து வைக்கத் தேவையே இல்லை.

மூடிய ‘சைலண்ட்’ கேபினெட் ஏமாற்று வேலை இல்லை. அது வேறொரு காலத்துப் பிரச்சினைக்கு வந்த தீர்வு. 2005ல் ஆன்டெக் பி180 வந்தபோது, அதன் தடித்த அடுக்குப் பக்கப் பலகைகளும் முன்கதவும் பெரிய விஷயமாகப் பேசப்பட்டன. அப்போது பிசியில் கேட்ட சத்தத்தில் ஒரு முக்கியப் பங்கு ஹார்ட் டிஸ்க்கின் கரகரப்பும் உறுமலும். உயர்ரகக் கிராபிக்ஸ் கார்டே 100 வாட்டை ஒட்டித்தான் இழுத்தது. உங்கள் 4080 இழுப்பது 320 வாட். 4090 என்றால் 450, 5090 என்றால் 575. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் சத்தமே போடாத எஸ்எஸ்டி வந்துவிட்டது. பூட்டி வைக்க வேண்டிய சத்தம் போய், வெளியேற்ற வேண்டிய சூடு வந்திருக்கிறது.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், கடினமில்லை. விளையாடும்போது கார்டு 320 வாட், பிராசஸர் சுமார் 70, மற்றதெல்லாம் சேர்த்து 60 என்று வைத்தால் மொத்தம் 450 வாட். இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. உள்ளே போகும் காற்று 10 டிகிரி சூடாகி வெளியே வந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 135 கன மீட்டர் காற்று கேபினெட்டுக்குள் புகுந்து வெளியேற வேண்டும். 120 மிமீ ஃபேன்களில் பெயர்பெற்ற நாக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25, 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று), முன்னே பின்னே எந்தத் தடையும் இல்லாத நிலையில் தள்ளுவதே 102 கன மீட்டர். 1000 ஆர்பிஎம்மில் அதில் பாதி. எனவே முன்பக்கம் திறந்த கேபினெட்டாக இருந்தால், இப்படிப்பட்ட மூன்று ஃபேன் 1000 ஆர்பிஎம் பக்கத்தில் சுற்றினால் காரியம் நடக்கும். முன்பக்கம் மூடியிருந்தால் அதே காற்றுக்கு அவை இன்னும் எவ்வளவோ வேகமாகச் சுற்ற வேண்டும்.

இந்த ‘இன்னும் வேகமாக’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபேன் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றும் இரட்டிப்பாகும், ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் கூடும். 10 டெசிபெல் கூடினாலே நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். ஒரே வேகத்தில் ஓடும் ஒரு ஃபேனுடன் இன்னொன்றைச் சேர்த்தாலோ கூடுவது வெறும் 3 டெசிபெல்தான். அதனால் ஒரு ஃபேனை விரட்டுவதை விட இரண்டை நிதானமாக ஓட்டுவது எப்போதும் லாபம். 120 மிமீயை விட 140, அதைவிட 180 என்று போவதும் அதே காரணத்தால்தான். பெரிய ஃபேன் குறைந்த சுற்றிலேயே அதே காற்றைத் தள்ளிவிடும்.

இப்போது மூடிய முன்பக்கத்துக்கு வருவோம். கடையில் பெட்டி முன்னால் நிற்கும்போது கையில் ஒரு அளவுகோல் இருந்தால் போதும். 120 மிமீ ஃபேனில் நடுக்குமிழ் போக, காற்று போகும் பரப்பு சுமார் 100 சதுர செமீ. மூன்று ஃபேன் என்றால் 300. மூடிய முகப்பு உள்ள கேபினெட்டில் காற்று உள்ளே வரும் வழி இரண்டு ஓரங்களிலும் இருக்கும் நீள இடுக்குதான். அதன் உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். 40 செமீ உயரம், 1 செமீ அகலம் என்றால் ஓர் ஓரத்துக்கு 40, இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து 80 சதுர செமீ. 300 கேட்கும் ஃபேன்களுக்கு 80 கொடுக்கிறோம். அதிலும் அந்த இடுக்குக்குள் தூசி வலை ஒன்று ஒட்டியிருந்தால், உண்மையில் திறந்திருப்பது அதைவிடக் குறைவு. காற்று அந்த இடுக்கில் சீறிக்கொண்டு நுழைந்து, பலகையில் மோதி, திரும்பி, பிறகுதான் ஃபேனை அடையும். அந்தச் சீறலே தனியாக ஒரு சத்தம். மூன்று ஃபேன் வைத்த கேபினெட் என்று விளம்பரத்தில் இருக்கும்; மூச்சு விட வழி இருக்கிறதா என்பதை அளவுகோல்தான் சொல்லும்.

வலை முகப்பு என்றாலே நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வலையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் ஃபேன் இறக்கைகள் ஓரளவு தெளிவாகத் தெரிந்தால் காற்றும் எளிதாகப் போகும். கறுப்புத் தகடு போலத் தெரிகிறது, உற்றுப் பார்த்தால்தான் துளை தெரிகிறது என்றால் தள்ளிவிடுங்கள். சில கேபினெட்டுகளில் முகப்பு வலைக்குப் பின்னால் இன்னொரு நைலான் வடிகட்டியும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் தடை கூடும். முகப்பு வலை நுண்துளையாக இருந்து அதுவே தூசியைப் பிடிக்கும் வகையில் செய்திருந்தால், உள்வடிகட்டியைக் கழற்றி வைத்துவிடலாம். பல கேபினெட்டுகளில் அது இழுத்தால் வந்துவிடும். வலைக்கும் ஃபேன் இறக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று செமீ இடைவெளி இருப்பது முக்கியம். இறக்கையை ஒட்டினாற்போல் கம்பியோ தகடோ இருந்தால், ஒவ்வொரு இறக்கையும் அதைக் கடக்கும்போது காற்று வெட்டுப்பட்டு ஒரு ‘ஊ’ என்ற ஒற்றை ஓசை எழும். சீரான இரைச்சலைக் காது சீக்கிரம் மறந்துவிடும், இந்த ஒற்றை ஓசையை மறக்காது. பின்பக்க ஃபேனுக்கு மேல் தகட்டிலேயே துளையிட்ட கிரில் இருக்கிறதே, அதையும் இதே கண்ணோடு பாருங்கள். தேன்கூடு போல மெல்லிய கம்பியில் அகலமான துளைகள் இருந்தால் நல்லது. தடித்த தகட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் நல்லதில்லை.

நுரை பற்றிக் கேட்டீர்கள். கேபினெட்டுகளில் ஒட்டப்படும் நுரை சில மில்லிமீட்டர் தடிமன்தான். அந்தத் தடிமன் கீச்சென்ற மேல்சுருதி ஓசைகளை ஓரளவு உறிஞ்சும், கீழ்ச்சுருதி உறுமலை ஒன்றும் செய்யாது. ஏழு இறக்கை ஃபேன் 1000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது எழும் அடிப்படை ஓசை 117 ஹெர்ட்ஸ் பக்கம். அதன் ஒலியலை நீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர். அதை 5 மிமீ நுரை தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. தார் போன்ற கனமான பிட்டுமென் தாள் ஒட்டியிருந்தால் அதன் வேலை வேறு. தகடு அதிர்ந்து கிணுகிணுக்காமல் அது பார்த்துக்கொள்ளும், பயனுள்ளதுதான். ஆனால் தகடு தடிமனாக, ஒழுங்காகப் பூட்டிக்கொள்வதாக இருந்தால் அதிர்வு தானாகவே குறைவு. பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று அடங்கினால் சரி, ‘டங்’ என்று நீண்டால் யோசியுங்கள்.

மூடிய கேபினெட் உண்மையிலேயே வெல்லும் இடமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்குகள் நாலைந்து ஓடினால், அல்லது பெரும்பாலான நேரம் எழுத்து வேலை, எப்போதாவது விளையாட்டு என்றால், ஃப்ராக்டல் டிசைன் டிஃபைன் 7 போன்ற ஒன்று நல்ல தேர்வு. சும்மா இருக்கும் பிசியில் ஃபேன்கள் எப்படியும் மெதுவாகத்தான் சுற்றும். மிச்சச் சத்தத்தைத் தடித்த பலகை மறைக்கும். முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு பீ கொயட் சைலண்ட் பேஸ் 802 இருக்கிறது. அதன் முன், மேல் பலகைகள் மூடியது, வலை என்று இரண்டு விதமாகவும் பெட்டியிலேயே வரும், மாற்றி மாட்டிக்கொள்ளலாம். உங்கள் நிலை இரண்டும் இல்லை. எஸ்எஸ்டி மட்டும், மணிக்கணக்கில் 320 வாட்.

அடுத்தது, காற்று கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறதா என்பது. விளையாடும்போது அந்தக் கேபினெட்டில் அதிகச் சத்தம் போடப் போவது கார்டின் ஃபேன்தான். பிராசஸர் கூலரை விட, பவர் சப்ளையை விட, மற்ற எல்லாவற்றையும் விட. கார்டில் இருக்கும் மூன்று ஃபேனும் கீழே இருந்து காற்றை உறிஞ்சி, சூடாக்கி, கேபினெட்டுக்குள்ளேயே விடுகின்றன. விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சினால் வெப்பநிலை ஏறும், கார்டு தன் ஃபேனை விரட்டும், அதைக் கேபினெட் ஃபேன் எதுவும் மறைக்க முடியாது. எனவே முன்பக்கத்தின் கீழ் ஃபேன், கார்டின் அடிப்பகுதி மட்டத்துக்குக் குளிர்ந்த காற்றை அனுப்பும் நிலையில் இருக்க வேண்டும். பவர் சப்ளையை மூடும் தகடு முன்பக்கம் வரை நீண்டு கீழ் ஃபேனில் பாதியை மறைப்பதைப் பல கேபினெட்டுகளில் பார்க்கலாம். அந்தப் பாதி ஃபேன் உங்களுக்குக் காசு வாங்கிய, வேலை செய்யாத ஃபேன்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே ஃப்ராக்டல் டிசைன் டொரெண்ட் எனக்குப் பிடிக்கும். 2021ல் வந்தது. முன்னால் இரண்டு 180 மிமீ ஃபேன், அடியில் மூன்று 140 மிமீ ஃபேன். பவர் சப்ளையை மேலே தூக்கி வைத்து, அடிப்பகுதி முழுவதையும் கார்டுக்கு நேராகக் காற்று ஊதத் திறந்து விட்டிருக்கிறார்கள். ஐந்தையும் முணுமுணுக்கும் வேகத்தில் ஓட்டினாலே 450 வாட் சூட்டுக்குத் தாராளமாகப் போதும் என்கிற அளவுக்குக் காற்று கிடைக்கும். குறை அதன் உடம்புதான், மேசை மேல் வைத்தால் மேசையில் வேறெதற்கும் இடமிருக்காது. அவ்வளவு பெரிது வேண்டாம் என்றால் லியான் லி லான்கூல் 216. முன்னால் இரண்டு 160 மிமீ, பின்னால் ஒரு 140 மிமீ ஃபேன் அதோடேயே வருகின்றன, வேறு ஃபேன் வாங்கத் தேவையில்லை. வரவேற்பறையில் வைக்க வேண்டும், பார்க்க நாற்காலி மேசையோடு சேர்ந்தாற்போல் இருக்க வேண்டும் என்றால் மரப்பட்டிகள் வைத்த ஃப்ராக்டல் நார்த். மரப்பட்டிகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி இருப்பதால் அது வெறும் அலங்காரம் ஆகிவிடவில்லை.

முன்பக்கமும் பக்கவாட்டும் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் மீன்தொட்டி வகை இப்போது எங்கும் தெரிகிறது. அதிலும் அடியில் மூன்று ஃபேன் காற்றை மேல்நோக்கி ஊதும்படி இருந்தால் கார்டுக்குக் குறையில்லை. கால்கள் குறைந்தது இரண்டு மூன்று செமீ உயரமாவது இருக்க வேண்டும், கம்பளத்தின் மேல் வைக்கக் கூடாது. அடியில் ஃபேன் இல்லாத மீன்தொட்டியை எடுக்காதீர்கள். கார்டைக் கண்ணாடியைப் பார்த்தாற்போல் செங்குத்தாக நிறுத்துவதும் அழகுக்கு மட்டும்தான். ஃபேனுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓரிரண்டு செமீதான் இருந்தால் அது தன் மூக்கைத் தானே பொத்திக்கொள்கிறது.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 4080 கார்டுகளில் பல 330 மிமீயைத் தாண்டும், தடிமன் மூன்று ஸ்லாட்டுக்கு மேல் போகும். கேபினெட் தரும் நீள அளவு முன்ஃபேன் மாட்டிய பிறகா, மாட்டாமலா என்று பாருங்கள். கார்டின் மின் இணைப்பிலிருந்து கேபிள் சட்டென்று மடங்காமல் வெளியே வரப் பக்கப் பலகை வரை 35 மிமீ இடம் வேண்டும். பிராசஸர் மேல் உயரமாக நிற்கும் நாக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய டவர் கூலருக்கு உயரம் 165 மிமீ.

7800எக்ஸ்3டிக்குத் திரவக் கூலர் வேண்டியதில்லை. விளையாடும்போது அது தரும் சூடு ஒரு நடுத்தர டவர் கூலருக்கே எளிது. திரவக் கூலர் வாங்கினால் அதன் பம்ப் நாள் முழுக்க ஓடும். ஃபேனே சுற்றாத அமைதியில் அந்த மெல்லிய ரீங்காரம் கேட்கும்.

ஃபேன்களை எங்கே மாட்டுவது? முன்னால் அல்லது அடியில் உள்ளிழுக்க இரண்டு மூன்று, பின்னால் வெளியேற்ற ஒன்று. ஏறக்குறைய எல்லோருக்கும் இது போதும். மேலே நாலு இடம் காலியாக இருக்கிறதே என்று நிரப்பாதீர்கள். குறிப்பாக மேல்பக்கத்தின் முன்மூலையில் வெளியேற்றும் ஃபேன் வைத்தால், முன்னால் இருந்து வந்த குளிர்காற்றை அது பிராசஸரை அடையும் முன்பே திருடி வெளியே விட்டுவிடும். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியே தூசியும் உள்ளே இழுக்கப்படாது, எல்லாம் வடிகட்டி வழியாகவே வரும்.

கேபினெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஃபேன் வேகத்தைச் சரியாக அமைக்காவிட்டால் பாதிப் பயன்தான். மதர்போர்டு வரும்போதே கேபினெட் ஃபேன்களைப் பிராசஸர் வெப்பநிலையோடு கட்டியிருக்கும். பிராசஸர் வெப்பநிலை ஒரு பிரவுசரைத் திறந்தாலே நொடியில் 15 டிகிரி குதித்து இறங்கும்; கூடவே ஃபேன்களும் உறுமி அடங்கும். ஒரே சீரான சத்தத்தை விட இந்த ஏறி இறங்குவதுதான் எரிச்சல். ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கேபினெட் ஃபேன்களைக் கிராபிக்ஸ் கார்டு வெப்பநிலையோடு கட்டுங்கள். கார்டு நிதானமாகச் சூடாகி நிதானமாகக் குளிரும், ஃபேனும் அப்படியே போகும். பிறகு அமைதியான நேரமாகப் பார்த்து, ஃபேன்களை 500 ஆர்பிஎம்மில் வைத்து, 50 50 ஆக ஏற்றிக்கொண்டே கேளுங்கள். ஒவ்வொரு கேபினெட்டிலும் ஏதோ ஓரிரு வேகத்தில் மட்டும் தகடு சேர்ந்து பாடும். 750ல் ஒன்றும் இல்லை, 800ல் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம், 900ல் மறுபடி இல்லை என்பது போல. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஃபேன் அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப் போகும்படி வைத்துவிடுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஆனால் விலை கூடிய ஃபேன் வாங்குவதை விட அதிகப் பலன் தரும்.

கார்டையும் கொஞ்சம் அடக்கலாம். அதன் மின்வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கினால் 4080ல் வேகம் சில சதவீதமே குறையும், சூடோ 60 வாட்டுக்கு மேல் குறையும். திரை காட்டும் அளவுக்கு மேல் ஃபிரேம்கள் போகாமல் வரம்பு வைப்பதும் அதே பலன் தரும். காயில் வைன் என்கிற மின்சுருள் கிறீச்சிடலும் இதனால் பெரும்பாலும் அடங்கும். அந்தக் கிறீச்சிடல் கேபினெட்டின் குற்றம் இல்லை, கேபினெட் மாற்றித் தீராது. வலை முகப்பில் அது சற்றுத் தெளிவாகக் கேட்கும் என்பது உண்மை. அதற்காக மூடிய பெட்டிக்குப் போய், ஃபேன் இரைச்சலால் அதை மறைப்பது சரியான பரிமாற்றம் ஆகாது.

விமர்சனங்கள் படிக்கும்போது ஃபேன்கள் முழு வேகத்தில் எடுத்த வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 1800 ஆர்பிஎம்மில் ஓடும் எந்தக் கேபினெட்டும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். கேமர்ஸ் நெக்சஸ் போன்றவர்கள் எல்லாக் கேபினெட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, அந்த நிலையில் வெப்பநிலை எவ்வளவு என்று ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்று தந்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்த பிறகு கேபினெட் சரிதானா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. பக்கப் பலகையை மூடி, கேபினெட் ஃபேன்களை ஒரே வேகத்தில் ஓடும்படி வைத்து, கனமான ஒரு விளையாட்டை அரைமணி நேரம் ஓட்டி, கார்டின் வெப்பநிலையையும் அதன் ஃபேன் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொரு அரைமணி. வித்தியாசம் 2, 3 டிகிரிக்குள் இருந்தால் கேபினெட் தன் வேலையைச் செய்கிறது. இதற்கு மேல் சத்தம் குறைய வேண்டுமென்றால் கார்டின் ஃபேன் அமைப்பில்தான் கை வைக்க வேண்டும். 6, 7 டிகிரிக்கு மேல் இறங்கினால் உள்ளே காற்று போதவில்லை. முதலில் முன்வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், தூசி படிந்திருக்கலாம். கேபினெட்டின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் ஒரு சாண் முன்னால் இழுங்கள். மேசைக்கடியில் மூன்று பக்கமும் பலகை அடைத்த அறைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். அங்கே தான் விட்ட சூட்டையே அது திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் கீழே இன்னொரு உள்ளிழுக்கும் ஃபேன்.